ஏழு மாலைகள், ஒரே மெட்டு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய திருவருகைக் காலம் முடியும் தறுவாயில், டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைக்கு ஒன்றாக இலத்தீனில் பாடப்படும் ஏழு குறும்பாடல்கள் ‘ஓ முன்மொழிகள்’ எனப்படுகின்றன. முன்மொழி என்பது ஒரு திருப்பாடலின் முன்னும் பின்னும் பாடப்பெற்று, அதன் பொருளை அந்நாளுக்கு உரியதாக்கும் சிறுபாடல். இவ்வேழும் மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு அமைந்தவை. மெட்ஸ் நகரத்து அமலாரியுஸ் 9ஆம் நூற்றாண்டிலேயே இவற்றுக்கு விளக்கம் எழுதியுள்ளார்.

ஒவ்வொன்றும் ‘ஓ’ என்னும் விளியோடு, மெசியாவுக்குரிய பெயர் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறது; அடுத்து அப்பெயரின் ஆற்றலை விரித்து, இறுதியில் ‘வாரும்’ என்னும் அழைப்போடு ஒரு மன்றாட்டை வைக்கிறது. நான்காம் பாடலில் அவர் ‘தாவீதின் திறவுகோல்’ ஆகிறார். எசாயா நூலின் 22ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த அவ்வுருவகம், இருட்சிறையில் கிடப்பவரை விடுவிக்க வேண்டும் என்ற வேண்டுதலில் நிறைவடைகிறது. சில துறவு மடங்களில் இப்பாடலைத் தொடங்கும் உரிமை, பண்டகசாலைச் சாவியை வைத்திருந்த துறவிக்கும், ‘ஈசாயின் வேர்’ என்னும் பாடலைத் தொடங்கும் உரிமை தோட்டத்தைப் பேணியவருக்கும் அளிக்கப்பட்டது.

சொற்கள் மாறினாலும் ஏழுக்கும் மெட்டு ஒன்றே. கிரகோரியன் இசையின் எட்டு மோடுகளுள், அதாவது பாட்டு எந்தச் சுரத்தில் ஓய்கிறது, எவ்வெல்லைக்குள் உலவுகிறது என்பதை வரையறுக்கும் அமைப்புகளுள், இது இரண்டாவதைச் சேர்ந்தது. குரல் தன் முடிவுச் சுரத்துக்குக் கீழேயும் இறங்கி மீள்வதால் அடக்கமான ஒலி பிறக்கிறது. பக்க இசையும் தாளக்கட்டும் இல்லாமல் அனைவரும் ஒரே குரலாகப் பாடும்போது, சொல்லின் அழுத்தமே நடையைத் தீர்மானிக்கிறது. தொடர் நீண்டால் மெட்டும் அதற்கேற்ப நெகிழ்கிறது.

1000ஆம் ஆண்டையொட்டி சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில் ஹார்ட்கர் என்னும் துறவி எழுதிய ஏட்டில், இவ்வகைப் பாடல்களின் மேல் ‘நியூம்’ எனப்படும் நுண்கோடுகள் காணப்படுகின்றன. அவை குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினவே தவிர, சுரத்தின் துல்லிய உயரத்தைக் காட்டவில்லை. மெட்டு பாடுவோர் நெஞ்சில் முன்பே குடியிருந்தது.

சபியென்தியா, அதோனாய், ராதிக்ஸ், கிளாவிஸ், ஓரியென்ஸ், ரெக்ஸ், எம்மானுவேல் என்னும் ஏழு பெயர்களின் இலத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் ‘ஏரோ க்ராஸ்’, அதாவது ‘நாளை இருப்பேன்’ என்னும் இலத்தீன் தொடர் கிடைக்கிறது. ஆறு மாலைகள் வரை மறைந்திருக்கும் அத்தொடர், 23ஆம் நாள் மாலையில் கடைசிப் பெயர் ஒலித்த பிறகே முழுமை பெறுகிறது. மறுநாள் மாலையில் பிறப்பு விழா தொடங்குகிறது.