சீமைக்கிளுவை: பெயரும் மரமும்

வீட்டுத்தோட்டத்திலே பெயரறியா மரமொன்றைக் காணின் நாம் முதலில் அயலவரிடம் அதன் பெயரைக் கேட்கின்றோம். ஆயின், பெயர் இனத்தைச் சுட்டுமென்பதற்கில்லை. யாழ்ப்பாண வேலிகளிற் கதியாலாக நிற்கும் சீமைக்கிளுவை இதற்குச் சான்றாகும். கிளுவை, மணமுள்ள பிசின் கசியும் மரம். சீமைக்கிளுவைக்கு அப்பண்பு இல்லை. இணையிணையாக அமைந்து நுனியில் ஒற்றையாய் முடியும் சிற்றிலைகள், இலையுதிர்ந்த கிளைகளிற் கொத்தாக மலரும் இளஞ்சிவப்புப் பூக்கள், தட்டையான நெற்றுகள் ஆகியன அதனை அவரைக் குடும்பத்ததெனக் காட்டுகின்றன.

எனின், மக்கள் இட்ட பெயர் அறியாமையின் விளைவா? அன்று. தாவரவியலாளர் பூவையும் காயையும் கொண்டு வகுத்தனர். உழைக்கும் மக்கள் பயன்பாட்டைக் கொண்டு வகுத்தனர். நட்ட தடி வேர்விட்டு வேலியாகிறது. குழை ஆட்டுக்குத் தீனியாகவும் வயலுக்குப் பசளையாகவும் பயன்படுகிறது. கிளுவையின் பணியைச் செய்த மரம் கிளுவையின் பெயரைப் பெற்றது. மத்திய அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த வரலாற்றைச் 'சீமை' என்னும் அடை பேணுகின்றது. 'கிளிரிசிடியா செப்பியம்' என்னும் இலத்தீன் பெயரும் எலிகொல்லி, வேலிக்குரியது என்றே பொருள்படும். அங்கும் பதிவாகியிருப்பது பயன்பாடே.

மரத்தை இனங்காணப் பூவும் காயும் போதும். மரத்துக்கும் மனிதருக்குமுள்ள உறவை இனங்காண நாம் பெயரையும் ஆராய்தல் வேண்டும்.