வண்டியும் நாமும் - 9: தினமும் துடைப்பதும் அடக்கியே ஓட்டுவதும்

சென்ற வாரம் டயரோடு நின்றோம். இந்த வாரம் கொஞ்சம் மேலே வருவோம்.

சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் காலை ஆறு மணிக்குத் தரைத்தளத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்துப் பதினைந்து கார்கள். துடைப்பவரைக் குறை சொல்ல முடியாது. நாம் கொடுக்கும் மாதக் காசுக்கு ஒரு வாளிதான் கட்டுப்படியாகும். ஆனால் முதல் காரில் எடுத்த மணல் பத்தாவது காரின் பானெட்டில் உராய்கிறது. இரவில் செல்போன் டார்ச்சைக் கதவின்மீது அடித்துப் பாருங்கள்; வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். கறுப்பு வண்டி என்றால் டார்ச்சே வேண்டாம்.

கார் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நாம் பார்த்து மயங்கும் பளபளப்பு இந்தக் கடைசி அடுக்கினுடையது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதும் அதுதான். கனமோ சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. ரப்பிங் போட்டுக் கீறலை எடுப்பவர் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்துக் கீறலின் மட்டத்துக்கு இறக்குகிறார். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று பாலீஷ் போட்டுக்கொண்டே போனால், சில வருடங்களில் கூரை வெளிறி உரியத் தொடங்கும்.

எனவே காய்ந்த தூசியை அப்படியே விடுங்கள். தூசி படிந்த கார் அசிங்கமாக இருக்கலாம். அதனால் பெயின்ட்டுக்குக் கேடில்லை. வாரம் ஒருமுறை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டு, கார் ஷாம்புவில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். துணியை அலச இன்னொரு வாளி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம்; மேலே போட்ட வாக்ஸையும் அது சேர்த்துக் கழுவிவிடும். போர் தண்ணீரில் கழுவினால் உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். வெயிலில் தானாகக் காய்ந்தால் உப்பு வெள்ளைப் பொட்டாகப் படிந்துவிடும். காக்கை எச்சம் மட்டும் வாரக் கடைசி வரை காத்திருக்காது. அதன் அமிலம் சூடான கிளியர் கோட்டில் தடம் பதித்துவிடும். ஈரத்துணியைச் சற்று நேரம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.

துடைப்பதில் இருக்கும் இந்த அதிகப்படி அக்கறை, ஓட்டுவதிலும் உண்டு. டீசல் கார் வாங்கி, காய்கறிக் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் மட்டும், 40-ஐத் தாண்டாமல், பொத்திப் பொத்தி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வண்டியை வீணாக்க இதைவிட எளிய வழி இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி. டீசல் கார்களின் புகைக்குழாய்ப் பாதையில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அதனோடு வந்தது. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்துக்காக எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறது. வேலை முடிவதற்குள் வீடு வந்துவிட்டதென்று சாவியைத் திருப்பினால் கரி அப்படியே நிற்கும். இது அடிக்கடி நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயிலை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

மருந்து எளிது. வாரம் ஒருமுறை, வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற தடையற்ற சாலையில், எஞ்சின் சூடேறியபின் அரை மணி நேரம் சீரான வேகம். முள் 2000 ஆர்பிஎம்மை ஒட்டி நிற்கட்டும். மைலேஜுக்காக மேம்பாலத்தில் டாப் கியரிலேயே திணறத் திணற ஏற்றுவது சிக்கனமாகத் தெரியும். டர்போ வேகம் பிடிக்காத நிலையில் பாரம் முழுவதும் எஞ்சின்மேல் விழும், கரியும் கூடும். ஒரு கியர் குறையுங்கள்.

நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஓட்டல் வாசலில் சட்டென்று அணைப்பதும் கூடாது. டர்போவின் தண்டு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆயில் ஓட்டம் நின்றால், உள்ளே தங்கிய ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிடம் ஸ்டார்ட்டிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. டீசல் டேங்கில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள் என்று பங்க்கிலேயே தெரிந்தால், சாவியைத் தொடாதீர்கள். உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே வழுவழுப்பு. பெட்ரோலில் அது கிடையாது. பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும், நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, டேங்கைக் காலிசெய்ய ஆளைக் கூப்பிடுங்கள்.

(தொடரும்)