வீட்டுப் பட்டறையில் லினக்ஸ்: பெங்களூருவின் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கருவி

ஓய்ந்த வேளையில் தம் கையாலேயே ஒரு கருவியைச் செய்து பார்க்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. வானொலிப் பெட்டி அரிய பொருளாயிருந்த நாட்களில், ஒரு படிகத் துண்டையும் செப்புக் கம்பிச் சுருளையும் கொண்டு தாமே வானொலி வாங்கியை அமைத்துக் கேட்ட மாணவர் பலர். அப்பழக்கம் இன்று வேறோர் உருவில் வளர்ந்து வருகிறது. அதைக் காண விரும்புவோர் பெங்களூருவில் எஸ்.பி. ரோடு என வழங்கும் சதர் பத்ரப்பா சாலைக்குச் செல்லலாம். மின்தடை, மின்தேக்கி முதல் சிறு கணிப்பொறிப் பலகை வரை யாவும் அங்குள்ள குறுகிய கடைகளில் சில்லறையாகக் கிடைக்கின்றன. வாங்குவோரில் பொறியியல் மாணவரும் உண்டு. தம் வீட்டு மாடியில் எதையோ பொருத்திப் பார்க்க விரும்பும் ஓய்வு பெற்ற அலுவலரும் உண்டு.

இப்பொழுதுபோக்காளர்களின் மேசைகளில் பெரும்பாலும் காணப்படுவது லினக்ஸ் என்னும் இயங்குதளமாகும். கணிப்பொறியின் உறுப்புகளை ஒன்றோடொன்று இசைவித்து, நாம் இடும் ஆணைகளை அவற்றுக்கு எடுத்துச் சொல்லும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். லினக்ஸின் பிறப்பே ஒரு பொழுதுபோக்கின் விளைவு. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதனைப் பற்றி அறிவித்தபோது, பொழுதுபோக்காகவே தாம் இதை எழுதி வருவதாகத் தெரிவித்தார். மறு ஆண்டில் இது ஒரு பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அவ்வுரிமத்தின்படி, மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்க்க இடந்தரும் கடிகாரத்தைப் போன்றது இது. கருவி செய்வோர் இதனை விரும்புவதற்கு, விலையின்மையைக் காட்டிலும் இத்திறந்த தன்மையே முதற்காரணம் எனலாம்.

பெங்களூருவுக்கும் லினக்ஸுக்கும் உள்ள உறவு பழையது. 1996-ஆம் ஆண்டில், தொலைபேசிக் கம்பி வழியே ஒரு பெரிய மென்பொருளை இறக்கிக் கொள்வது பெரும்பாலோர்க்கு இயலாத காரியமாயிருந்தது. அவ்வாண்டில் பீசி குவெஸ்ட் என்னும் ஆங்கிலத் திங்களிதழ் லினக்ஸ் அடங்கிய குறுந்தகட்டை வாசகர்க்கு வழங்கத் தொடங்கியது. அம்முயற்சியில் முன்னின்றவர் பெங்களூருவில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ் (1962–2013). அவரும் நண்பர்களும் 2001-இல் இந்நகரில் தொடங்கிய லினக்ஸ் மாநாடு, பின்னர் ‘பாஸ் டாட் இன்’ என்னும் பெயருடன் 2012 வரை நடைபெற்றது.

அதே 2001-ஆம் ஆண்டில், இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்களும் என்கோர் என்னும் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து, லினக்ஸில் இயங்கும் சிம்ப்யூட்டர் என்ற கைக் கணிப்பொறியை இந்நகரில் வெளிப்படுத்தினர். எழுத்தறியாதவர்க்கும் பயன்படும்படி, இந்திய மொழிச் சொற்களை ஒலித்துக் காட்டும் ஏற்பாடு அதில் இருந்தது. அமிடா என்னும் பெயரில் அது 2004-இல் விற்பனைக்கு வந்தபோது, விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கிற்று. வாணிபத்தில் அது வெற்றி பெறவில்லை. எனினும், கையைச் சற்றே சாய்த்தால் ஏடு புரளும் வசதி அதில் அன்றே இருந்தது என்பதை இக்காலக் கைப்பேசிகளை வியப்போர் அறிந்திருப்பது நல்லது.

சிம்ப்யூட்டரால் எட்ட இயலாத மலிவை வேறிரண்டு பொருள்கள் எய்தின. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை ஒன்று. இது உள்ளங்கையில் அடங்கும் முழு லினக்ஸ் கணிப்பொறி. மற்றொன்று, 2014 முதல் பரவிய ஈ.எஸ்.பி. 8266 என்னும் சீன நாட்டுச் சில்லு. இதில் லினக்ஸ் இயங்காது. ஆனால் ஓர் அளவை எடுத்து, வைஃபை அலைவழியே வீட்டிலுள்ள லினக்ஸ் கணிப்பொறிக்கு அனுப்ப இது போதும். ஒன்று வேலையாள், மற்றொன்று கணக்கர் என்று கொள்ளலாம். இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையை இனி விரிவாகக் காண்போம்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது பெங்களூரு. காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் பம்புகளால் ஏற்றப்பட்டு நகரை அடைகிறது. வீடுகளில் அந்நீர் முதலில் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் விழும். அங்கிருந்து மீண்டும் ஒரு பம்பு அதனை மாடித் தொட்டிக்கு ஏற்றும். 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையானபோது, குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று நகரின் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. ஆனால், பம்பை நிறுத்த மறந்து மாடியிலிருந்து வழியும் நீர் எவர் கணக்கிலும் சேர்வதில்லை. நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றும் பம்பு பத்து நிமிடம் வீணே ஓடினால் 500 லிட்டர் நீர் போகும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவு 55 லிட்டர். அக்கணக்கில், இது ஒன்பது பேரின் ஒரு நாள் நீர்.

தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கப் பொழுதுபோக்காளர்கள் கையாளும் முறை வௌவாலின் முறையேயாகும். தொட்டியின் மூடியில் பொருத்தப்பட்ட உணர்கருவி, விநாடிக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட கேளா ஒலியைக் கீழ்நோக்கி எழுப்புகிறது. ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைச் சில்லு அளக்கிறது. 25 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு 346 மீட்டர். எனவே நீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால், ஒலி போய்வர ஏறத்தாழ 5.8 மில்லிவிநாடி ஆகும். தொட்டியின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று கொண்டால், ஒரு சென்டிமீட்டர் உயரம் 10 லிட்டர் நீரைக் குறிக்கும். எட்டாம் வகுப்பு மாணவரும் இக்கணக்கைச் செய்துவிடுவர்.

நடைமுறையில்தான் சங்கடங்கள் தோன்றுகின்றன. முதலாவது வெப்பம். வெயிலில் தொட்டிக்குள் காற்று 40 பாகைக்குச் சூடேறினால், ஒலியின் வேகம் 355 மீட்டராக உயரும். 20 பாகையில் அது 343 மீட்டரே. இதனைப் பொருட்படுத்தாவிடில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிழை நேரும். ஆதலால் ஒரு சிறு வெப்ப உணர்கருவியையும் உடன் வைப்பது நலம். இரண்டாவது ஈரம். எச்.சி.எஸ்.ஆர். 04 என்னும் மலிவான உணர்கருவி திறந்த கண்களையுடையது. தொட்டியின் ஆவி பட்டு விரைவில் கெடும். நீர் புகாத வகை நீடித்து உழைக்கும். ஆனால் தனக்கு 20 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்திலுள்ள எதையும் அது சரியாக அளக்காது. ஆகவே தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு அவ்வளவு உயரே அதனைப் பொருத்த வேண்டும். மூன்றாவது மின்னழுத்தம். 5 வோல்ட்டில் இயங்கும் உணர்கருவியின் விடையை 3.3 வோல்ட் சில்லுக்கு நேராகக் கொடுத்தல் தகாது. 1,000 ஓம், 2,000 ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து, மூன்றில் இரண்டு பங்கு அழுத்தத்தை மட்டும் எடுத்தல் வேண்டும். ஓம் விதிக்கு இதைவிட நல்ல வகுப்பறை உதாரணம் கிடைப்பது அரிது.

நான்காவது, பொய் எதிரொலி. நீர் கொட்டும்போது பரப்பு கலங்குவதாலும், தொட்டியின் சுவரில் ஒலி பட்டுத் தெறிப்பதாலும் இடையிடையே தாறுமாறான அளவு வரும். 62, 63, 62, 211, 62 என்று ஐந்து அளவுகள் வந்தனவென்று கொள்வோம். சராசரி 92, இஃது உண்மைக்கு வெகுதூரம். அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 62, இதுவே சரியானது. பாடநூலில் இடைநிலை என்னும் சொல்லை ஏன் கற்பிக்கிறோம் என்று வினவும் மாணவனைத் தொட்டியருகே அழைத்துச் செல்லலாம்.

இவ்வாறு தேர்ந்த அளவு, நிமிடத்துக்கு ஒரு முறை லினக்ஸ் கணிப்பொறிக்குச் செல்கிறது. செல்லும் வழிமுறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக 1999-இல் வகுக்கப்பட்ட இம்முறை, இன்று வீட்டுத் தொட்டிக்கும் உதவுகிறது. கணிப்பொறி அளவுகளைக் கோப்பில் எழுதி, வரைபடமாகக் காட்டும். தொட்டி நிரம்பும் தறுவாயில் மணியடிக்கும்.

மணியைவிட வரைபடமே பயனுடையது என்பது நம் கருத்து. அனைவரும் உறங்கும் இரவு ஒரு மணி முதல் நான்கு மணி வரை கோடு மட்டமாக இருத்தல் வேண்டும். அது மணிக்கு ஒரு சென்டிமீட்டர் சரிந்தால், 10 லிட்டர் எங்கோ கசிகிறது. நாளொன்றுக்கு 240 லிட்டர். பெரும்பாலும் குற்றவாளி கழிவறையின் பிளஷ் தொட்டியில் தேய்ந்துபோன ரப்பர் வளையமாயிருக்கும். ஓசையின்றி ஒழுகும் அந்நீரைக் கண்ணால் காண்பது கடினம். வரைபடம் ஒரே இரவில் காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்குப் புதுக் கணிப்பொறி தேவையில்லை. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் பொதுவான ஏற்பாடு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பு பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. இதனால் மூலையில் தள்ளப்படும் கணிப்பொறிகள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஏராளம். 4 ஜிகாபைட் நினைவகமுள்ள இயந்திரத்தில் டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பு, எளிய திரை அமைப்புடன் நன்கு இயங்கும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் அமைத்துக் கொள்ளலாம். ஒரு செய்தியைக் கருத்திற் கொள்க: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவுவதற்கு இடந்தருவதில்லை. மிகப் பழைய இயந்திரத்தை எடுக்குமுன் இதனைச் சோதித்தறிதல் நன்று.

மின் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 70 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணிப்பொறி இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 50 யூனிட் ஆகும். 5 வாட் ராஸ்பெரி பை நான்கு யூனிட்டுக்கும் குறைவாகவே கொள்ளும். ஆகவே பழையதை வகுப்பறைக்கும், சிறியதை ஓயாத காவலுக்கும் வைத்துக் கொள்வதே சிக்கனம்.

பம்பையும் கணிப்பொறியே நிறுத்தும்படி செய்ய ஆசை எழுவது இயல்பு. அதில் அவசரம் கூடாது. ஒரு குதிரைத் திறன் மோட்டார் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கடையில் விற்கும் சிறு ரிலேயின் முனைகள் அதனால் உருகி ஒட்டிக் கொள்ளக்கூடும். பின்னர் பம்பு நிற்கவே நிற்காது. 230 வோல்ட் இணைப்பைத் தக்க காண்டாக்டருடன், உரிமம் பெற்ற மின்பணியாளரே அமைத்தல் வேண்டும். பள்ளியில் செய்வோர் மணியோடு நிறுத்திக் கொள்க. மணி ஒலித்ததும் ஒரு மாணவன் சென்று சுவிட்சை அணைத்து, நேரத்தை நோட்டில் குறித்து வரட்டும்; ஒரு மாதக் குறிப்பை வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தால், கருவி எங்கே பிழைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.