ஒரு மரபணு, இரண்டு இன்சுலின் ஏற்பிகள்

இன்சுலின் தன் சேதியைச் சொல்லச் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் வந்து ஒட்டினால் போதும், உத்தரவு உள்ளே போய்விடும். மனிதரில் இந்த ஏற்பிக்கான மரபணு ஒன்றே ஒன்றுதான். 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் ஏற்பிகளோ இரண்டு வகை.

மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு தொடர்ச்சியாக இருப்பதில்லை. எக்ஸான் எனப்படும் பகுதிகளுக்கு நடுவே இன்ட்ரான்கள் குறுக்கிடும். ஆர்.என்.ஏ. நகல் எடுத்தபின் செல் இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எக்ஸான்களை ஒட்டுகிறது. ஸ்ப்ளைசிங் எனப்படும் இந்த வேலை 1977-இல் தெரியவந்தது. ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் அந்தக் கண்டுபிடிப்பு 1993-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. சில சமயம் ஒரு எக்ஸானும் சேர்ந்து நீக்கப்படும். அது மாற்று ஸ்ப்ளைசிங்.

இன்சுலின் ஏற்பியின் 22 எக்ஸான்களில் விடுபடுவது 11-ஆவது. அது தருவது 12 அமினோ அமிலங்கள் மட்டுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் இது அற்பம்தான். விளைவு அற்பமல்ல. அந்த 12-ம் உள்ள ‘பி’ வகை, வளர்ந்தவர்களின் கல்லீரலில் மிகுதி. சர்க்கரைக் கட்டுப்பாடே அதன் முக்கிய வேலை. அவை இல்லாத ‘ஏ’ வகையோ இன்சுலினோடு ஐ.ஜி.எஃப்.-2 என்ற வளர்ச்சிக் காரணியையும் இறுகப் பற்றிக்கொள்கிறது. கருவின் வளர்ச்சிக்கு இது தேவை. மார்பகப் புற்றுநோய் போன்றவற்றில் ‘ஏ’ வகை கூடும்போது அதே திறன் கட்டியைப் பெருக்க உதவுகிறது.

மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி என்ற பரம்பரைத் தசைநோய் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதில் பழுது வேறொரு மரபணுவில். அங்கிருந்து வரும் கோளாறான ஆர்.என்.ஏ., ஸ்ப்ளைசிங்கை நெறிப்படுத்தும் எம்.பி.என்.எல்.-1 புரதத்தைச் சிறைப்பிடித்துவிடுகிறது. தசையில் 11-ஆவது எக்ஸான் விடுபட்டு ‘ஏ’ வகை பெருக, இன்சுலினுக்குத் தசை சரியாகப் பணிவதில்லை. ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை என்பதுதான் விசித்திரம்.

மாற்று ஸ்ப்ளைசிங்கால், செல்லில் பதிந்து நிற்கும் பகுதியையே இழக்கும் ஏற்பிகளும் உண்டு. இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி ஒன்று இப்படி அந்தப் பகுதி இல்லாத வடிவில் இரத்தத்தில் மிதக்கும். அந்தக் காரணியைப் பிடித்துவைத்து, செல்லை எட்டவிடாமல் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும் பிரீஎக்லாம்ப்சியாவில் இதன் அளவு கூடுகிறது. நோய் கடுமையாகும் அபாயத்தைக் கணிக்க இதை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது.