அத்தையின் மண்சட்டிக்கு எந்த அடுப்பு?

தோவாளையில் எங்கள் பழைய வீட்டு அடுக்களையை இடித்துக் கட்டுகிறோம். கொதும்பும் சிரட்டையும் எரித்த அடுப்பு போய்விட்டது. அந்த இடத்தில் இண்டக்ஷன் அடுப்பைப் பதித்துவிடலாம் என்றேன். அத்தை கேட்டது ஒன்றுதான்: “அதுல மண்சட்டி வைக்கலாமா மக்களே?”

வைக்கலாம், சூடாகாது. தேங்காயை மிக்ஸியில் நெடுநேரம் அரைத்தால் ஜார் வெதுவெதுக்கிறதே, அங்கே தீ ஏது? சூடு உள்ளேயே பிறக்கிறது. இண்டக்ஷனும் ஏறக்குறைய அப்படித்தான். கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள். அதில் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. அது எழுப்பும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைச் சுழல வைக்கிறது. இரும்பு அதைத் தடுக்கத் தடுக்கச் சூடேறுகிறது. மண்ணில் மின்சாரம் ஓடாது. உருளியின் வெண்கலத்தில் ஓடினாலும் இரும்பு தரும் தடை கிடைக்காது. ஒரு காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பார்த்தேன். தோசைக்கல்லும் ஒரு ஸ்டீல் குக்கரும்தான் தேறின. மீன்குழம்புச் சட்டி, தீயல் வைக்கும் சட்டி, அவியல் உருளி எதிலும் ஒட்டவில்லை. இவை இல்லாமல் எங்களுக்குச் சமையல் ஏது!

ஆகவே கேஸ் அடுப்புதான். அதன் சூட்சுமம் புட்டுமாவு நனைப்பதில் இருக்கிறது. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் புட்டு கெட்டது. கேஸுக்கு அந்தத் தண்ணீர், காற்று. ரெகுலேட்டரில் அழுத்தம் தணிந்து வரும் கேஸ், ஜெட்டின் ஊசித்துளை வழியே சீறும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாயில் கலந்து பர்னருக்கு ஏறுகிறது. பதம் சரியென்றால் நீலத் தீ. காற்று குறைந்தால் மஞ்சள் தீ, சட்டியடியில் கரி. கூடினால் தீ பர்னரை விட்டு எழும்பித் துடிக்கும். கஞ்சி வழிந்து துளைகள் அடைபட்டாலும் காற்று குறையும்.

எரிகிற சூட்டில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்தில் சேர வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது அதனால்தான். ஆனால் அது காற்றடிக்காத இடத்துக் கணக்கு. ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று எங்கள் மேற்குச் சன்னல் வழியே வந்து தீயைச் சாய்த்துவிடும். அதனால் அடுப்பு மேடையைச் சன்னலுக்கு நேராகப் போடாமல் வடக்குச் சுவருக்கு நகர்த்தினோம்.

மூன்று பர்னர் அடுப்பு வாங்கியாயிற்று, உருளிக்கென ஒரு பெரிய பர்னரோடு. தேயிலை போட மட்டும் ஒரு சின்ன இண்டக்ஷன்.

பழைய அடுக்களையில் புகை போக மேலே வழி இருந்தது. சிலிண்டர் கேஸோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். வெளிச்சுவரில் தரையோடு ஒட்டி ஒரு துளை விடச் சொல்லியிருக்கிறோம் கொத்தனாரிடம்.