உங்களுக்குத் தெரியுமா? கூட வந்தவரைக் கேட்காதீர்கள்!

அத்தை மகன் அண்ணனோடு ஒருமுறை பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை இரண்டு தடவை படித்து, சர்வே எண்ணில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தவரே அவர்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவருக்குச் சம்மதமா? விவரம் தெரியுமா?" அண்ணன் என் முகத்தையும் அவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துண்டுத்தாளில் 'என்னைக் கேளுங்கள்' என்று எழுதி நீட்டினார். இந்த வாரப் பக்கம் அந்தத் துண்டுத்தாளுக்காக.

● அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய அநியாயம் இருக்கிறது. மிதாட்சரம் என்ற பழைய இந்து வாரிசுரிமை முறைப்படி, பிறவியிலேயே காது கேளாதவருக்கு வாரிசாகச் சொத்தில் பங்கு கிடையாது. வயிற்றுக்குச் சோறும் உடுக்கத் துணியும் மட்டும்தான். 1928இல் தனிச் சட்டம் போட்டுத்தான் இதை மாற்றினார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, நோயையோ உடற்குறையையோ காட்டி யாருடைய வாரிசுரிமையையும் மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வங்கிக் கடன் வாங்கவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. காது கேட்காது என்ற ஒரே காரணத்துக்காகக் 'கார்டியன் கையெழுத்து' கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

● சட்டத்தின் கணக்கு டெசிபலில் இருக்கிறது. பேச்சு ஒலியின் அதிர்வெண்களில், இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்'. 60 முதல் 70 வரை என்றால் 'செவித்திறன் குறைந்தவர்'. நாம் உட்கார்ந்து பேசும் சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல்தான். 55 டெசிபல் இழப்போடு, சந்தைச் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடாமல் தவிக்கும் பெரியவர் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். இந்தக் கோடு இன்னும் கொஞ்சம் இரக்கத்தோடு போடப்பட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

● எல்லாக் கதவுக்கும் சாவி ஒன்றுதான்: ஊனச் சான்றிதழும், அதையொட்டித் தரப்படும் யூ.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டையும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போக வேண்டும். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கடைசியில் கையில் வரும் வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள் வலது காதுக்கு, நீலப் பெருக்கல் குறிகள் இடது காதுக்கு. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதத்தை எட்ட வேண்டும். பொத்தானை அழுத்தத் தெரியாத கைக்குழந்தைகளுக்கு, தூங்கும்போதே மூளையின் பதில் அலையைப் பதிவு செய்யும் 'பெரா' சோதனை இருக்கிறது.

● அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடம். அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் இடம் காலாவதியாகாது, அடுத்த ஆண்டுக்குப் போகும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், 5 ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு.

● பணியில் இருக்கும்போது காது போனால்? அரசு நிறுவனம் வீட்டுக்கு அனுப்ப முடியாது, பதவியையும் குறைக்க முடியாது. அந்த வேலையைப் பார்க்க இயலாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். விருப்ப ஓய்வில் போகச் சொல்லி வெள்ளைத்தாளை நீட்டினால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

● சத்தத்தால் வரும் செவித்திறன் குறைபாடு, இழப்பீடு கோரக்கூடிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. முழுச் செவிட்டுத்தன்மையை, சம்பாதிக்கும் திறனில் 100 சதவீத இழப்பாகவே இழப்பீட்டுச் சட்டம் கணக்கிடுகிறது. சோமனூரிலோ குமாரபாளையத்திலோ விசைத்தறிக் கூடத்துக்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அங்கே இருபது வருடம் நின்றவர்கள், வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பதற்கு வயதுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பணிப்பதிவும் செவித்திறன் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் இழப்பீடு கோருவது கடினம். அதனால், சம்பளச் சீட்டு எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

● காது கேளாத அரசு ஊழியர்களுக்கு, பார்வையற்றோருக்கும் கை கால் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கும் இணையான போக்குவரத்துப் படி கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. காது கேட்காதவருக்குப் பயணத்தில் என்ன சிரமம் என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

● வண்டி ஓட்டலாமா? ஓட்டலாம். தேசியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், தேர்வில் தேறினால் உரிமம் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் வழி திறந்தது. ஓட்டுவது பெரும்பாலும் கண்ணின் வேலை என்று சொல்லி, 2016இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

● நீதிமன்றத்தில் காது கேளாத, பேச இயலாத ஒருவர் சைகையால் தரும் சாட்சியமும் எழுதித் தரும் சாட்சியமும் வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பாசிரியரையோ நீதிமன்றம் துணைக்கு அழைக்க வேண்டும், சாட்சியத்தை வீடியோவில் பதிய வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளான மாற்றுத்திறனாளிப் பெண் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை. அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் புகாரைப் பதிய வேண்டும். சொந்தக்காரர் ஒருவரே குற்றவாளியாக இருக்கும் வழக்கில், 'வீட்டு ஆள் யாராவது சைகையைச் சொல்லட்டும்' என்று விடுவது எத்தனை கொடுமை என்று யோசித்தால் இந்த விதியின் அருமை புரியும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தேசிய உதவி எண் 15100.

● 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகைமொழி பெயர்ப்பாளர் துணையோடு காணொளி வழியாக உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். அடுத்த மாதமே அவருக்காக நீதிமன்றமே ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தது. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களிலும் இதைப் பார்க்க எனக்கு ஆசை.

● குழந்தை விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடக்கம் என்பதே உலகம் ஒப்புக்கொண்ட அளவு. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வதில் பாசம் இருக்கிறது, ஆனால் போகும் மாதங்கள் திரும்பி வராது.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி அறுவைச் சிகிச்சை இலவசம். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் பிள்ளை பேசிவிடாது. அதன்பிறகு கேட்கப் பழக்கும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர வேண்டும். கருவியோடு சைகையும் கற்றால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். குழந்தைக்கு முதலில் வேண்டியது ஒரு மொழி. அது கையால் வந்தாலும் மொழிதான்.

● காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லைப் பாருங்கள். பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர், உரிய அளவு குறைபாடு இருந்தால் வருமானத்தில் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

● டெல்லியில் உள்ள இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மையத்தின் அகராதியில் 2021இலேயே 10,000 சொற்கள் சேர்ந்துவிட்டன. வீட்டில் காது கேளாத ஒருவர் இருந்தால், மற்ற எல்லோரும் அதில் நூறு சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிக்க, அண்ணன் மட்டும் 'என்ன?' என்று கேட்டு, 'அப்புறம் சொல்றேன்' என்ற பதிலோடு நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

● உரிமை மறுக்கப்பட்டால் எங்கே போவது? ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. மனுவைச் சம்பந்தப்பட்டவரே தன் பெயரில் எழுதட்டும், தன் கையெழுத்தைப் போடட்டும். கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.