ரோஜாவுக்குப் போடும் எருவில் தென்னைக்கு எமன்

சென்னையில் அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலையொட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு ஊரூர் ஒல்காட் குப்பம். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு தென்னையும், வசதியுள்ள வீடுகளில் தொட்டி ரோஜாவும் வளர்ப்பது பழக்கம். ரோஜா இலை சல்லடையானால் உடனே மருந்து தேடுகிறவர்கள், தென்னங்குருத்து வெட்டுப்பட்டால் அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் நஷ்டம் அதிகம் தென்னைக்குத்தான்.

ரோஜா இலையை மேய்வது இரவில் வரும் சிறிய பழுப்பு வண்டு. விளக்கு வைத்ததும் செடியைச் சோப்பு நீருள்ள பாத்திரத்தின் மேல் உலுக்கினால் விழுந்துவிடும். நாலைந்து தொட்டிகளுக்கு மருந்தே வேண்டாம்.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு கறுப்பானது; தலையில் கொம்புண்டு. குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடித்து, நார்ச்சக்கையைத் துளையின் வாயில் தள்ளிவிடும். அந்த மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரியும். பாளையையும் துளைப்பதால் காய்ப்பு குறையும். பெரிய மரம் இதைத் தாங்கிக்கொள்ளும், இளங்கன்று தாங்காது. அதைவிட மோசம், இந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுவது. அதன் புழு உள்ளேயே தின்று மரத்தைச் சாய்த்துவிடும். தண்டில் துளையும் பழுப்புச் சாறு வடிதலும் கண்டால் அது கூன்வண்டுதான். பச்சை மட்டையை வெட்டுவதும் அதற்கு வழிவிடுவதே. வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும்.

காண்டாமிருக வண்டு மரத்தில் பிறப்பதில்லை. எருக்குழியிலும் மக்கிய தென்னந்தண்டிலும்தான் முட்டையிடுகிறது. ரோஜாவுக்கென்று வாங்கி மூலையில் குவித்த சாணி எருவே போதும். நாலைந்து மாதம் கிளறாமல் விட்டால் புழு வண்டாகிப் பறந்துவிடும். 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா போன்ற புயலில் மரம் விழுந்தால், அந்தத் தண்டை அங்கேயே மக்கவிடுவதும் ஆபத்து.

எருவில் காணும் புழுவெல்லாம் எதிரியல்ல. தரையில் விட்டதும் மல்லாந்து முதுகால் நகர்ந்தால் அது பூவண்டின் புழு. மக்கைத் தின்று வாழ்வது. கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையுடன் சுருண்டு கிடப்பதுதான் தென்னையின் பகை. எருவை மாதம் ஒருமுறை கிளறிப் பொறுக்கினால் கோழிகளுக்குத் தீனியாகும். பச்சை மஸ்கார்டைன் என்னும் மெட்டாரைசியம் பூஞ்சாணக் கரைசலைக் குழியில் தெளித்தால் புழு நோய்கண்டு சாகும். அதன் மேல் பச்சைப் பொடி படர்ந்திருக்கும்.

மரத்தில் செய்யவேண்டியதைக் காய் பறிக்க ஆள் ஏறும்போதே செய்துகொள்வது சிக்கனம். துளையில் கம்பிக் கொக்கியை விட்டு வண்டை இழுத்தெடுத்த பின், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்ளடுக்கு மூன்று மட்டைகளின் கக்கத்தில் இடவேண்டும். கன்றுக்கு மூன்று நாப்தலின் உருண்டைகளைக் கக்கத்தில் வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கொருமுறை மாற்றலாம். பழைய நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்த பி.எச்.சி., கார்பரில் இரண்டும் தடை செய்யப்பட்டுவிட்டன. தேடி அலைய வேண்டாம். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்துப் பானைகளில் வைக்கும் முறை தோப்புக்கு நல்லது. நெருக்கமான தெருவில் நாற்றத்துக்கு அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள்!

குப்பத்தில் காசில்லாத கருவி ஒன்றுண்டு. அது கிழிந்த நைலான் மீன்வலை. வலைத்துண்டை மடித்துக் குருத்தைச் சுற்றியுள்ள மட்டைக் கக்கங்களில் செருகினால், உள்ளே நுழையும் வண்டு முள்ளுள்ள கால்களும் கொம்பும் சிக்கி மாட்டிக்கொள்ளும். 2007-ல் இவ்வண்டு புகுந்த குவாம் தீவிலும் எருக்குவியல் மேல் மீன்வலையைப் போர்த்திப் பிடிக்கிறார்கள். முட்டையிட வருவதும், உள்ளிருந்து வெளிப்படுவதும் ஒரே வலையில் சிக்கும். அணிலோ பறவையோ மாட்டாதபடி வலையை இறுக்கமாகச் செருக வேண்டும். இற்றுப்போன துண்டுகளை அடுத்த ஏற்றத்தில் இறக்கிப் புதிதாக மாற்றலாம். இறக்கியதைக் கடற்கரையில் போட்டால் ஆமைக்கும் மீனுக்கும் கண்ணியாகிவிடும். குப்பை வண்டியில் சேர்த்துவிடுவதே சரி.